எந்த ஸ்பானிஷ் சரியானது? பாடத்திட்டத்துக்கு முன் மதிப்பெண் முறையை மாற்றுங்கள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்கிறேன். எங்கள் பாடநூல் முழுவதும் மாட்ரிட் நகரத்தைச் சுற்றியே அமைந்துள்ளது. பாடநூலையோ இறுதித் தேர்வையோ மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை. பாடத்தைக் காலனிய நீக்கம் செய்ய வேண்டும், அதாவது காலனி ஆண்ட நாட்டையே மையமாக வைக்கும் பார்வையை அகற்ற வேண்டும் என்று துறை கேட்டதால் லத்தீன் அமெரிக்கா பற்றி ஒரு வாரம் சேர்த்தேன். வகுப்பில் எதுவும் மாறவில்லை. இதற்கிடையே, வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த ஒரு மாணவி, தன் பெற்றோர் பேசும் முறையை நான் பிழை என்று திருத்தியதால் மனம் நொந்திருக்கிறார். ஆண், பெண் என்ற இரண்டிலும் தம்மை அடக்கிக்கொள்ளாத இன்னொரு மாணவர், தம்மைப் பற்றி ஸ்பானிஷில் எப்படி எழுதுவது என்று கேட்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் சிவப்பு மையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சேர்த்த வாரம் பலன் தராமல் போனதற்கு அதன் உள்ளடக்கம் காரணமாக இருக்காது. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறது, எதற்குக் குறைகிறது என்பதை வைத்தே மாணவர்கள் ஒரு மொழியின் மதிப்பைப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு வாரம் பெருவின் தலைநகரான லீமாவின் பேச்சைக் கேட்கவைத்துவிட்டு, மற்ற வாரங்களில் அதே பேச்சுக்கு மதிப்பெண் குறைத்தால், அவர்கள் மனத்தில் நிற்பது குறைத்ததுதான்.

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஏறத்தாழ 50 கோடிப் பேரில், ஸ்பெயினில் வாழ்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மெக்சிகோவின் மக்கள்தொகை மட்டுமே ஸ்பெயினைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். அப்படியிருந்தும், பாடநூல்கள் பல, பலரை நோக்கிச் சொல்லும் 'நீங்கள்' என்பதற்கு ஸ்பெயினில் வழங்கும் 'வோசோத்ரோஸ்' வடிவத்தை விதியாகவும், அமெரிக்கக் கண்டம் முழுவதும் வழங்கும் 'உஸ்தெதெஸ்' வடிவத்தை அடிக்குறிப்பாகவும் வைக்கின்றன. அர்ஜென்டினாவிலும் மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் 'நீ' என்பதற்கு வழங்கும் 'வோஸ்' அடிக்குறிப்பில்கூட இடம்பெறுவது அரிது. காலம் காட்டும் வடிவங்களிலும் இதே சிக்கல் உண்டு. இன்று சாப்பிட்டதைச் சொல்ல மாட்ரிட்காரர் 'ஓய் எ கோமீதோ' என்பார். மெக்சிகோக்காரர் இயல்பாக 'ஓய் கோமீ' என்பார். இரண்டாவதைப் பிழை என்று அடித்தால், அங்கே திருத்தப்படுவது மாணவரின் இலக்கணம் அன்று, ஒரு நாட்டின் வழக்கு. உங்கள் மாணவியின் மனக்குறை இதிலிருந்து பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதை மாற்றத் துறையில் எதிர்ப்பு எழுந்தால், அமைப்புகளின் நிலைப்பாட்டையே சான்றாகக் காட்டலாம். 1713இல் மாட்ரிடில் தொடங்கப்பட்ட மொழிக் கழகமான ஸ்பானிஷ் அரச கழகம் இன்று தனித்து இயங்குவதில்லை. 1951இல் மெக்சிகோவில் உருவான கூட்டமைப்பில் அதையும் சேர்த்து 23 மொழிக் கழகங்கள் உள்ளன, 2009இல் வெளிவந்த புதிய இலக்கணம் அவற்றின் கூட்டு உழைப்பு. ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்தும் 'தெலெ' என்ற மொழித்திறன் தேர்வுகூட, படித்தவர்களிடையே பரவலாக வழங்கும் எந்த ஸ்பானிஷ் வழக்கையும், தேர்வர் அதைச் சீராகப் பின்பற்றினால், சரியென ஏற்கிறது. உங்கள் மதிப்பெண் முறை அந்தத் தேர்வைவிடக் குறுகியதாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இவ்வளவோடு நின்றால் மாட்ரிடின் இடத்தில் மெக்சிகோ நகரத்தை வைத்ததாகவே முடியும். 'படித்தவர் வழக்கு' என்ற அளவுகோலுக்குள் ஆண்டிஸ் மலைப்பகுதியின் இருமொழியாளர்கள் எளிதில் நுழைவதில்லை. அங்குள்ள பூர்வகுடி மொழிகளான கெச்சுவா, அய்மாராவில், ஒரு செய்தியைத் தாமே கண்டு சொல்கிறோமா, கேள்விப்பட்டோ பின்னர் தெரிந்துகொண்டோ சொல்கிறோமா என்பதை வினைச்சொல்லே காட்டியாக வேண்டும். அந்த வேறுபாட்டை அவர்கள் தங்கள் ஸ்பானிஷுக்குள்ளும் கொண்டுவந்திருக்கிறார்கள்: முற்றுப்பெற்ற இறந்தகால வடிவத்தை, 'அட, வந்துவிட்டாயா, எனக்குத் தெரியாதே' என்ற வியப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். முதலாண்டு மாணவர்கள் இதைப் பேச வேண்டியதில்லை. இது சீரான ஓர் இலக்கணம் என்பதை அவர்கள் அறிந்தால் போதும். ஸ்பானிஷ் அங்கே தனிமொழியாக வாழவில்லை என்பதும் தெரிய வேண்டும். பராகுவேயின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு குவரானிக்கும், பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு 36 பூர்வகுடி மொழிகளுக்கும் ஸ்பானிஷுடன் ஆட்சிமொழித் தகுதி அளிக்கின்றன. அதே மொழிகளை ஒழித்து ஸ்பானிஷை மட்டும் நிலைநிறுத்த 1770இல் ஸ்பெயின் மன்னர் மூன்றாம் கார்லோஸ் ஆணையிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மாணவர்களுக்கு முழு வரலாறு கிடைக்கும்.

இதற்கென்று தனி வாரம் தேவையில்லை; கட்டாயமாக நடத்தும் இலக்கணப் பாடத்துக்குள்ளேயே இதை வைக்கலாம். நான் பரிந்துரைப்பது அக்டோபர் 12. கொலம்பஸ் கரையிறங்கிய அந்த நாள் ஸ்பெயினுக்குத் தேசிய விழா. அர்ஜென்டினா 2010 முதல் அதைப் பண்பாட்டுப் பன்மைக்கு மதிப்பளிக்கும் நாள் என்கிறது. வெனிசுவேலா 2002 முதல் பூர்வகுடி எதிர்ப்பு நாள் என்கிறது. பொலிவியாவில் அது காலனிய நீக்க நாள். ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினி 1968இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றதும் இதே அக்டோபர் 12இல்தான். இறந்தகால வினை நடத்தும்போது இப்பெயர்களைப் பலகையில் எழுதி, 'வந்தார்', 'கண்டுபிடித்தார்', 'படையெடுத்தார்' ஆகிய மூன்று வினைகளில் எது எந்தப் பெயரோடு பொருந்தும் என்று கேளுங்கள். பிறகு 'அமெரிக்கா கண்டுபிடிக்கப்பட்டது' என்ற செயப்பாட்டு வாக்கியத்தை வைத்து, அதில் யார் மறைக்கப்படுகிறார் என்று கேளுங்கள். இலக்கணப் பயிற்சியும் நடந்துவிடும், வரலாற்றுக் கேள்வியும் எழுந்துவிடும்.

படம் பார்த்து விவரிக்கும் பயிற்சிக்கு, பெருவைச் சேர்ந்த குவமான் போமா 1615ஐ ஒட்டி ஸ்பெயின் மன்னருக்கு முறையிட்டு எழுதிய நூலின் 398 சித்திரங்கள் மிகவும் ஏற்றவை. அதன் கையெழுத்துப் படி கோபன்ஹேகன் அரச நூலகத்தில் உள்ளது. நூலகம் அதை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. பூர்வகுடியினரைப் பற்றிப் பிறர் சொன்ன கதைகளை அலங்காரமாகச் சேர்ப்பதைவிட, அவர்களில் ஒருவர் தம் கையால் வரைந்ததை வகுப்புக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

வீட்டில் ஸ்பானிஷ் பேசி வளர்ந்த மாணவிக்கு வருகிறேன். அவர் எழுதுவதில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பாருங்கள். 'ஓய் கோமீ' போன்றவை நாட்டு வழக்கு. அவற்றைத் தொடவே வேண்டாம். 'இப்படி' என்ற பொருள் தரும் 'அசீ' என்பதற்குப் பதில் 'அசீனா' என்று எழுதினால், அது பழைய வடிவம், இன்றும் கிராமப்புறப் பேச்சில் வாழ்வது. அதை அடிக்காமல், ஓரத்தில் 'இது பேச்சில் வழங்கும் பழைய வடிவம். முறைசார்ந்த எழுத்தில் அசீ' என்று எழுதுங்கள். வீட்டுமொழியின் மேல் இன்னொரு படி சேர்கிறது என்ற உணர்வு அவருக்கு வர வேண்டும். ஒன்றை மட்டும் தவிருங்கள்: வகுப்பின் அகராதியாக அவரைப் பயன்படுத்தாதீர்கள். அவரும் கற்கவே வந்திருக்கிறார்.

பாலின வடிவங்களைப் பற்றிக் கேட்ட மாணவருக்கு இரண்டு வழிகளைக் காட்டுங்கள். 'எஸ்தூதியாந்தே' (மாணவர்), 'பெர்சோனா' (நபர்) போன்று பேசுபவரின் பாலினத்தைக் காட்டாத சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைப்பது முதல் வழி. இதை எந்தத் தேர்வாளரும் மறுக்க முடியாது. 'அவன்', 'அவள்' என்பவற்றுக்குப் பதிலான 'எயே' என்ற பிரதிப்பெயரும், 'களைத்தவன்', 'களைத்தவள்' என்ற பொருள் தரும் 'கான்சாதோ', 'கான்சாதா' என்பவற்றுக்குப் பதில் 'கான்சாதே' என்ற எகர ஈறும் இரண்டாவது வழி. எக்ஸ் (x) எழுத்தையும் அட் (@) குறியையும் ஈறாக இடும் வழக்கமும் உண்டு. ஆனால் அவற்றை வாய்விட்டு உச்சரிக்க முடிவதில்லை, பார்வையற்ற மாணவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அவற்றில் தடுமாறும். எகர ஈற்றை அரச கழகம் ஏற்கவில்லை, புவெனோஸ் அய்ரெஸ் நகரம் 2022இல் பள்ளிகளில் அதற்குத் தடை விதித்தது. இந்த விவாதத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வகுப்பிலோ அந்த வடிவத்துக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். குடும்பத்தை விவரிக்கும் முதல் வாரப் பயிற்சியில், கற்பனைக் குடும்பத்தையும் எழுதலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இருக்கக் கூடாது. எழுத்துக்கூட்டல் சிரமம் உள்ளவர்களுக்கு ஒரே அழுத்தக்குறிப் பிழையை ஒருமுறை மட்டும் கணக்கிடுங்கள்.

இறுதித் தேர்வு 'வோசோத்ரோஸ்' கேட்கும் என்றால் அதையும் கற்பியுங்கள், ஸ்பெயினின் வடிவம் என்று பெயரிட்டு. பிறகு துறைத் தலைவரிடம் பாடத்திட்டத் திருத்தம் எதையும் கேட்காமல், மதிப்பீட்டு அறிவுரையில் ஒரே ஒரு வரி சேர்க்க அனுமதி கேளுங்கள்: 'ஸ்பானிஷ் பேசும் எந்த நாட்டிலும் வழங்கும் வடிவம் சரியானதாகக் கொள்ளப்படும்.' அது கிடைத்த அன்றே, மனம் நொந்த அந்த மாணவியின் விடைத்தாளை மீண்டும் எடுத்து, புதிதாகத் திருத்தி அவர் கையில் கொடுங்கள்.