அச்சுதானந்தனும் குட்டநாட்டு வரப்பும்

அன்புள்ள ஐயா,

வி.எஸ். அச்சுதானந்தன் மறைந்தபோது நீங்கள் எழுதுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். என் அப்பா பனியன் கம்பெனியில் சாதாரண டெய்லர். ஏழாம் வகுப்போடு நின்று, தையல் கடையில் வேலை பார்த்த ஒருவர் கேரள முதலமைச்சராக உயர்ந்தது எனக்குப் பெரிய உத்வேகம். ஆனால் முல்லைப் பெரியாறு விஷயத்தில் அவர் நமக்கு எதிரி அல்லவா? இன்று தொழிலாளர் குடும்பத்திலிருந்து அப்படி ஒருவர் மேலே வர முடியுமா?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

முல்லைப் பெரியாறில் நான் தேனி விவசாயி பக்கம், அவர் கேரளத்தின் பக்கம். 2014இல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று சொல்லியாயிற்று. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தவரை அதை வைத்து மட்டும் அளக்க வேண்டாம். 1996 தேர்தலில் மாராரிக்குளத்தில் தோற்றது, 82 வயதில் முதல்வரானது, மார்க்சிஸ்ட் கட்சிக்குள் நடந்த சண்டை எல்லாம் பேப்பரில் வந்தவைதான்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். தையல் மெஷினை விட்டு எழுந்ததுதான் அவருடைய சாதனை என்பது போல எழுதுகிறீர்கள். உங்கள் அப்பா உட்கார்ந்து தைக்கிற இடம் கீழே என்று யார் சொல்லிக்கொடுத்தது? அந்தச் சம்பளத்தில்தானே படித்தீர்கள்?

வி.எஸ். அண்ணனின் தையல் கடையில் இருந்தார், பிறகு ஆலப்புழையில் கயிற்று ஆலைக்குப் போனார். 1940இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்ததும் கட்சித் தலைவர் பி. கிருஷ்ண பிள்ளை அவரைக் குட்டநாட்டுக்கு அனுப்பினார். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிற வயல்கள், தண்ணீரை இறைத்து வெளியே தள்ளித்தான் நெல் போட முடியும். அந்தச் சேற்றில் நிற்கிறவர்களிடம் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். ஜன்மியை, அதாவது நிலச்சுவான்தாரை, நினைத்தாலே நடுங்குகிறவர்கள் அவர்கள். ஒரே வாக்கியத்தை இழுத்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்வாரே, மிமிக்ரிக்காரர்கள் கேலி செய்வார்களே, அந்தப் பேச்சு அந்த வரப்பில் பழகியது என்றே நான் நம்புகிறேன். 1946இல் திருவிதாங்கூர் அரசை எதிர்த்துத் தொழிலாளர்கள் நடத்திய புன்னப்புரா-வயலார் எழுச்சியின்போது பிடிபட்டு, லாக்கப்பில் அவர் காலில் பயோனெட், அந்தத் துப்பாக்கிமுனைக் கத்தி, இறங்கியது.

அந்த வரப்பை விட்டு அவர் ஏறவே இல்லை. 1997இல் நெல்வயலை மேடாக்கி வேறு பயிர் வைத்த இடங்களில் அவர் தலைமையில் விவசாயத் தொழிலாளர்கள் இறங்கி வெட்டிச் சாய்த்தார்கள். 'வெட்டிநிரத்தல்', அதாவது வெட்டிச் சாய்ப்பது, என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. வளர்ந்த பயிரை வெட்டியது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் வயல் போனால் நிலத்துக்காரருக்குப் பயிர்தான் மாறும், நாற்று நடுகிற பெண்ணுக்குப் பிழைப்பே போகும். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது அவர் முதல்வராக இருந்தபோதுதான்.

என் அத்தை மூணாறு பக்கம் கொழுந்து பறித்தவர். விரலில் கறை போகவே போகாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தொழிற்சங்கத்து ஆள் வந்தால் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கி வந்து போடுவார். வந்தவர் உட்கார்ந்து பேசுவார், பெண்கள் நின்று கேட்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எழுந்து போவார்.

2015 செப்டம்பரில் அதே மூணாறில், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை', பெண்கள் ஒற்றுமை, என்று பெயர். சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை, வி.எஸ். கட்சிக்காரர்களையும்தான். அவரை மட்டும் விட்டார்கள். 91 வயதில் மலையேறி வந்து, முடிவு தெரியும்வரை போகமாட்டேன் என்று அவர்களோடு உட்கார்ந்துவிட்டார். அன்று இரவே 20 சதவீதம் முடிவானது.

சரி, அப்படி ஒருவர் வர முடியுமா என்று கேட்டீர்கள். அந்த நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பெண்களே நின்றார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கோமதி ஜெயித்து, தேவிகுளம் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போனார். அவரைப் பற்றி ஒருவரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை.