மெனுவில் ஐகான்: கேள்வி பதில்

கேள்வி: இணையதள மெனுவில் ஐகான் மட்டும் போதுமா, எழுத்தும் வேண்டுமா?

எழுத்து வேண்டும். பூதக்கண்ணாடி தேடல், வீடு முகப்பு என்பது பெரும்பாலானோருக்குத் தெரியும். அதைத் தாண்டினால் குழப்பம்தான். இதயம் ஒரு தளத்தில் 'பிடித்தது', இன்னொன்றில் 'பிறகு வாங்க'. வருகிறவரை ஊகிக்க வைக்காதீர்கள்.

கேள்வி: மவுஸைக் கொண்டுபோனால் பெயர் தெரிகிற மாதிரி டூல்டிப் வைக்கலாமா?

தொடுதிரையில் மவுஸ் ஏது? எழுத்தை வெளியே வையுங்கள்.

கேள்வி: ஐகான் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

படத்தின் அளவு வேறு, விரல் படும் இடத்தின் அளவு வேறு. படம் 24 பிக்சல் இருக்கட்டும். சுற்றிலும் பேடிங், அதாவது வெற்றிடம் கொடுத்து, தொடும் இடத்தை 44 ஆக்குங்கள். எல்லாரும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி. 2023-இல் வந்த அதன் 2.2 பதிப்பு, ஏஏ எனும் நடுத்தர நிலைக்கு 24-க்கு 24 பிக்சல் என்கிறது, சில விதிவிலக்குகளோடு. ஆப்பிள் 44 பாயின்ட் கேட்கிறது, கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் 48 டிபி (இரண்டும் திரை அளவு அலகுகள்). குறைந்தபட்சத்தோடு நின்றுவிடாதீர்கள். கை நடுங்குகிறவர்களும் உங்கள் தளத்துக்கு வருவார்கள்.

கேள்வி: ஐகான் ஃபான்ட்டா, எஸ்விஜியா?

எஸ்விஜி, அதாவது எந்த அளவிலும் மங்காத படக் கோப்பு. ஐகான் ஃபான்ட் என்பது படங்களையே எழுத்துகளாக வைத்த எழுத்துரு. அது இறங்காவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். தங்களுக்கு வசதியான எழுத்துருவை பிரவுசரில் மாற்றி வைத்துப் படிக்கிறவர்களுக்கும் அதே கதி. பக்கத்தில் எழுத்து இருந்தால் படத்துக்கு ஏரியா-ஹிடன் (aria-hidden) போடுங்கள்; திரையை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர் அந்தப் படத்தை விட்டுவிடும். எழுத்தே இல்லாத பட்டனுக்கு, ஸ்க்ரீன் ரீடர் படிக்கும் பெயரான ஏரியா-லேபிள் (aria-label) கட்டாயம்; இல்லாவிட்டால் ஸ்க்ரீன் ரீடர் வெறுமனே 'பட்டன்' என்று படிக்கும்.

கேள்வி: லோகோ வரைய எந்த மென்பொருள் நல்லது?

என் துறை இல்லை. லோகோ செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மூன்று கோடு போட்ட ஹாம்பர்கர் ஐகான் எல்லாருக்கும் தெரியுமே, அதற்குமா எழுத்து?

அதற்கும்தான். வடிவமைப்பாளர் நார்ம் காக்ஸ் அதை ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக வரைந்தார். அந்தக் கணினி வந்தது 1981-இல். இத்தனை வருடம் ஆகியும், அதற்குள் என்னென்ன இருக்கின்றன என்பதைத் திறக்காமல் யாராலும் சொல்ல முடியாது. கண்ணில் படாத இணைப்பை யார் தேடிப் போவார்கள்? அகலமான திரையில் ஐந்து இணைப்புகளை அதற்குள் ஒளிப்பதற்குக் காரணமே இல்லை.

அதே நண்பர்: மொபைலில் இடம் இல்லையே?

அடியில் ஒரு பட்டை வையுங்கள். முக்கியமான நாலைந்து இணைப்புகள், ஐகானும் பெயருமாக. மீதி 'மேலும்' என்பதற்குள் போகட்டும்.

இன்னொருவர்: தமிழில் பெயர்கள் நீளம். பட்டையில் உடைந்துவிடுகின்றன. ஐகான் மட்டும்தான் வழி.

ஒத்துக்கொள்ள மாட்டேன். 'எங்களைத் தொடர்புகொள்ள' எதற்கு? 'தொடர்பு' போதும். 'என்னுடைய கணக்கு' வேண்டாம், 'கணக்கு' போதும். பெயரைச் சுருக்குங்கள், எழுத்தின் அளவைக் குறைக்காதீர்கள். மெய்யெழுத்துப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அவரே: 'விண்ணப்பங்கள்' என்பதை எப்படிச் சுருக்குவது?

'மனுக்கள்' பொருந்துமா பாருங்கள். பொருந்தாவிட்டால் பட்டையில் ஓர் இணைப்பைக் குறைத்து, மற்றவற்றுக்கு அகலம் கொடுங்கள்.

கேள்வி: எழுத்து இல்லாவிட்டால்தான் அழகு என்கிறார் கிளையன்ட். ஐகான் மட்டும் வைக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். அப்புறம், தளத்தை முன்பு பார்த்திராத ஒருவரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ஐகானும் எங்கே கொண்டுபோகும் என்று கேளுங்கள். கிளையன்ட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.