அம்மாயி முகத்தில் வைத்த ரப்பர்

கேள்வி: எனக்கு 24 வயது. கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். ஓவியம் படித்திருக்கிறேன். பள்ளியில், தமிழர்களைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டி' என்ற பேரால் கூப்பிட்டார்கள். கோயம்புத்தூர் போனால், 'கேரளாப் பொண்ணா, இவ்வளவு கறுப்பா?' என்கிறார்கள். இதையெல்லாம் என் முகத்தை வரைந்தே சொல்லிவிட நினைத்து, என்னையே 11 படம் வரைந்தேன். ஒன்றிலும் உயிர் இல்லை. கடலைக்காட்டில் களை வெட்டி எங்களை வளர்த்த, அம்மாவைப் பெற்ற அம்மாயியையும் சார்கோல் கரியில் வரைந்திருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்டுவதால், பெரியம்மா சொன்னபடி நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். எல்லாருக்கும் பிடித்தது. அக்கா குழந்தை மட்டும் 'இது யாரு?' என்று கேட்டுச் சிரிக்க வைத்தது. உள்மனம் முகத்தில் தெரிய என்ன பயிற்சி செய்ய வேண்டும்?

பதில்: மகளே, உன் கடிதம் நான்கு பக்கம். உன்னைக் கேலி செய்தவர்களுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறாய். அம்மாயிக்கு ஐந்து வரி.

அந்தக் குழந்தை கேட்டதற்கா சிரித்தீர்கள்? இடுப்பில் தூக்கிச் சுமந்த கிழவியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. இலை போட்டுச் சாப்பிட வந்தவர்கள் 'அப்படியே இருக்கு' என்று சொல்லத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஸ்டுடியோக்காரர் டச்சிங் செய்த ஒரு தாத்தா ரோஜா நிறத்தில் தொங்குகிறார். நான் பார்த்த தாத்தா அவர் இல்லை.

நிறத்தை எப்படித் தூக்கினாய் என்று எனக்குத் தெரியும். ரப்பரை எடுத்து நெற்றியிலும் கன்னத்திலும் கரியைத் துடைத்திருப்பாய். கூடவே சுருக்கமும் கன்ன எலும்பும் போயிருக்கும். கறுத்த முகத்தில் வெளிச்சம் நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் பளிச்சென்று விழும். சுற்றிலும் இருட்டு இருப்பதால்தான் அது தெரிகிறது. இருட்டைத் துடைத்துவிட்டு, உள்மனம் எங்கே என்று என்னைக் கேட்கிறாய்.

கேரளத்தில் கரிசல் மண் இருப்பதே உங்கள் சித்தூர் தாலுக்காவில்தான். அந்தக் காட்டில் நின்று உங்களை வளர்த்தவருடைய நிறம், பிறவியில் வந்தது பாதி என்றால் வெயிலில் சம்பாதித்தது மீதி. அதை அழிக்கப் பெரியம்மாவுக்கும் உரிமை இல்லை, உனக்கும் இல்லை. பள்ளியில் அவர்கள் வாயால் உனக்குச் செய்ததை, நீ ரப்பரால் அம்மாயிக்குச் செய்தாய். உன் 11 படத்திலும் அதே கைதான் வேலை செய்திருக்கும். எடுத்துப் பார்.

சிகாகோவில் 1918இல் பிறந்தவர் சார்லஸ் வைட், கறுப்பின ஓவியர். அவருடைய அம்மா வீட்டு வேலை செய்தவர். வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பொது நூலகத்தில் விட்டுப் போவார். ஏழு வயதில் மகனுக்கு எண்ணெய் வண்ணப் பெட்டி வாங்கித் தந்ததும் அவர்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து, உழைக்கிற தன் சனத்தைக் கரியால் வரைந்தார். கனத்த கைகள், நிமிர்ந்த முகங்கள், கறுப்பைக் குறைக்கவே இல்லை. நைஜீரியாவில் 1985இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த டோயின் ஓஜி ஓடுடோலா பால்பாயின்ட் பேனாவாலேயே கோட்டுக்கு மேல் கோடாக இழைத்துத் தோலை மினுங்க வைத்தவர். உன் மேசையிலும் பேனா கிடக்கும். சாமான் இல்லை என்று சொல்லாதே.

உன் முகம் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். அம்மாயியை மறுபடி வரை. துடைத்த தாள் இனிக் கரியைச் சரியாகப் பிடிக்காது, புதுத் தாள் எடு. போட்டோவை மட்டும் பார்த்து வரையாதே. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வை. புருவத்துத் தழும்பு எப்படி வந்தது, பசித்தால் முகம் எப்படிப் போகும், யார் மேல் கோபம் கடைசிவரை தீரவில்லை, எல்லாம் கேள். அவர் அழுதால் பென்சிலை வைத்துவிட்டுக் கூட உட்கார். அன்றைக்கு வரையாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் வரை. இந்தமுறை கைகளையும் சேர்த்து.

முடிந்ததும் கூடத்தில் இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு. பெரியம்மா சத்தம் போடுவார், போடட்டும். ரொம்பப் போனால், பத்திரிகையில் பதில் எழுதுகிறவர்தான் மாட்டச் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடு.