ஒரே அறையில் நான்கு பேர், நால்வருக்கும் குரூப் 4: கேள்வி பதில்

சென்னை விடுதிகளிலும் மேன்ஷன்களிலும் தங்கி டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் பகிர்ந்த அறையில் படித்துத்தான் அரசுப் பணிக்கு வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறேன்.

கேள்வி (திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து): அக்கா, அறையில் ஒருவர் எந்நேரமும் போனில் பேசுகிறார். இன்னொருவர் கிரிக்கெட் பார்க்கிறார். எவ்வளவு படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. அறையை மாற்றிவிடலாமா?

பதில்: அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள், தம்பி. மின்விசிறியின் இரைச்சலோ தெருவில் போகும் ஆட்டோவோ உங்கள் படிப்பைக் கெடுப்பதில்லை, பேச்சுதான் கெடுக்கிறது. வாசிக்கும்போது சொற்களை மனதுக்குள் ஒலித்துக்கொண்டே போகிறோம். காதில் விழும் பேச்சும் அதே இடத்துக்குப் போட்டி போடுகிறது. சலாமே, பாட்லி என்ற உளவியலாளர்கள் 1982-இல் சோதித்தபோது, பொருளே இல்லாத அசைகளைக் கேட்டாலும் நினைவு குலைந்தது. வெறும் இரைச்சல் அப்படிக் குலைக்கவில்லை. பேச்சை மறைக்க ஹெட்போனில் பாட்டுப் போடுகிறவர்கள் ஒரு பேச்சுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய பாடத்தை முதல்முறை வாசிப்பதற்கு அதிகாலையும் நூலகமும். பேனா பிடித்துச் செய்யும் வேலை ஓரளவு சத்தத்தைத் தாங்கும் என்பதால், கணக்கு, பழைய வினாத்தாள் எல்லாவற்றையும் அறை கலகலப்பாக இருக்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் முடியவில்லை என்றால் அறையை மாற்றுங்கள்.

கேள்வி (அண்ணா நகர் மகளிர் விடுதியிலிருந்து): ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்ப் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மஞ்சள் மையால் கோடிடாத வரியே இல்லை. மாதிரித் தேர்வில் மட்டும் எல்லாம் மறந்துபோகிறது. நினைவாற்றல் குறைவா?

பதில்: நினைவாற்றலில் குறை எதுவும் இல்லை, படித்த முறையில்தான் குறை. இந்தக் கேள்விக்கான பதிலை மற்ற எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது அது பழகிய முகம் போலத் தெரியும். பழக்கத்தைத் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்பிக்கே என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் சிலர் ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தார்கள். சிலர் வாசித்ததை நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வரப்போவதில்லை.

வேலூர்ப் புரட்சிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை கவனமாக வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: எந்த நாள்? 1806 ஜூலை 10. உடனடிக் காரணம்? புதிய தலைப்பாகை. கோட்டையில் இருந்த அரச குடும்பம்? திப்பு சுல்தானின் பிள்ளைகள். ஆற்காட்டிலிருந்து படையோடு வந்தவர்? கில்லஸ்பி. பிறகு திரும்ப அழைக்கப்பட்ட ஆளுநர்? வில்லியம் பெண்டிங். எங்கே பேனா நின்றதோ அந்த வரியை மட்டும் போய்ப் பாருங்கள். மூன்றாம் நாள் அதே தாள், அடுத்த வாரம் ஒருமுறை, அடுத்த மாதம் ஒருமுறை. நினைவுக்கு வராமல் திணறும் அந்த நிமிடம் எரிச்சலாக இருக்கும், ஆனால் பாடம் பதிவது அந்த நிமிடத்தில்தான்.

கோடிடும் பேனாவை உள்ளே வையுங்கள்.

கேள்வி (சைதாப்பேட்டையில் நான்கு நண்பர்கள்): பாடங்களைப் பங்கு பிரித்துக்கொண்டோம். ஒருவர் புவியியல், ஒருவர் பொருளாதாரம் என்று குறிப்பெடுத்துப் பகிர்கிறோம். இது சரியா?

பதில்: சரியில்லை. குறிப்பெடுத்தவருக்குத்தான் அது பாடம். மற்ற மூவருக்கும் அது இன்னொருவர் கையெழுத்து, அவ்வளவுதான். எல்லோரும் ஒரே பாடத்தைத் தனித்தனியாகப் படியுங்கள். ஆளுக்குப் பத்துக் கேள்வி தயாரித்து, இரவு உணவுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் கேளுங்கள். விடை சொன்னவர் ஏன் அந்த விடை என்றும் விளக்க வேண்டும். தனி அறையில் படிப்பவருக்கு இந்த வசதி கிடைக்காது. கூட்டத்தில் தங்குவதால் கிடைக்கும் லாபத்தை விட்டுவிட்டு அதன் தொல்லையை மட்டும் அனுபவிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொத்தம் 200 கேள்வியில் 100 தமிழிலிருந்து வருகிறது. அந்தப் பகுதியில் 150-க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்துவதே இல்லை. உங்கள் பங்கீட்டில் தமிழ் யாருக்கும் வரவில்லையே!

கேள்வி: அறைத்தோழர் பத்து மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்கிறார். எனக்கு இரவு இரண்டு மணி வரை படித்துத்தான் பழக்கம்.

பதில்: அறைத்தோழர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். தேர்வு காலை 9.30-க்குத் தொடங்கி 12.30 வரை நடக்கிறது. இரண்டு மணிக்குத் தூங்கியவருக்கு அந்த நேரத்தில் கண் எரியும். தவிர, பகலில் படித்தது உறக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. உறக்கத்தை வெட்டினால் படிப்பையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். பதினொன்றுக்குப் படுத்து ஐந்துக்கு எழப் பழகுங்கள், முடிந்தால் மதியம் சிறிது கண்ணயருங்கள். குளியலறைக்கு முன் வரிசை நிற்காத நேரமும் அதிகாலைதான்.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை தேநீர்?

பதில்: எண்ணிக்கையைவிட நேரம் முக்கியம். குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டுப் போகவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும். மாலைக்குப் பிறகு வேண்டாம்.

கேள்வி: போன் பேசும் அறைத்தோழியிடம் எப்படிச் சொல்வது? சண்டை வந்துவிடும் என்று பயம்.

பதில்: கோபம் வந்த அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். மறுநாள் சாப்பிடும்போது சொல்லுங்கள். 'சத்தம் போடாதே' என்றால் யாருக்கும் உறைக்கும். 'காலை ஐந்திலிருந்து ஏழு வரை எனக்கு வேண்டும், இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை நீ தாராளமாகப் பேசு, நான் மாடியில் இருந்துகொள்கிறேன்' என்று கேட்டால், கேட்பதோடு கொடுக்கவும் செய்கிறீர்கள். அவளும் வீட்டை விட்டு வந்தவள்தான். அந்தப் போன் அவளுக்கு எவ்வளவு ஆறுதல் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): என் அறையில் மற்ற மூவரும் மாதிரித் தேர்வில் என்னைவிட அதிகம் எடுக்கிறார்கள். இந்த முறை வரவில்லை என்றால் ஊருக்குத் திரும்பி வா, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்கிறார் அப்பா. புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது.

பதில்: தங்கையே, முதலில் அந்த மூவரின் மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்துங்கள். ஒரு நோட்டில் உங்கள் மதிப்பெண்ணை மட்டும் எழுதி, பக்கத்தில் தவறிய கேள்விகள் எந்தப் பாடத்தைச் சேர்ந்தவை என்று குறியுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பாடங்களே உங்களை இழுத்துக்கொண்டிருக்கும். இந்த மாதம் அவற்றை மட்டும் பாருங்கள்.

அப்பாவிடம் போனில் பேசாதீர்கள், ஒரு விடுமுறைக்கு நேரில் போய்ப் பேசுங்கள். எந்தத் தேர்வு, எப்போது, அதற்கிடையில் வேறு எதற்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று தாளில் எழுதிக் காட்டுங்கள். காலக்கெடு தெரியாததுதான் பல அப்பாக்களின் பயம். அழுகை நிற்காமல் உறக்கமும் சாப்பாடும் கெட்டால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இந்தத் தேர்வைவிட நீங்கள் முக்கியம்.

கேள்வி: நூலகத்துக்குச் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோகலாமா?

பதில்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். தண்ணீர் பாட்டிலும் வெள்ளைத்தாளும் கையோடு இருக்கட்டும்.