மூன்று மணி வரை திறந்திருந்த கடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய என் மேலாளர் சான் பிரான்சிஸ்கோக்காரர். சைனா டவுன் ‘சாம் வோ’ உணவகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 2012 ஏப்ரலில் அது மூடப்பட்ட இரவு நெடுநேரம் வரிசையில் நின்றாராம். அங்கே எட்செல் ஃபோர்ட் ஃபங் என்றொரு பரிமாறுபவர் இருந்தாராம். அவரிடம் திட்டு வாங்கியதையும் பெருமையாகச் சொல்கிறார். சீனாவிலிருந்து வந்த என் தோழியோ, அதெல்லாம் சீனச் சாப்பாடே இல்லை என்கிறாள். காசும் கொடுத்துத் திட்டும் வாங்க அப்படி என்ன இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அமெரிக்கர்களுக்கென்றே உருவான பதார்த்தங்களைப் பற்றித் தோழி அப்படிச் சொல்லட்டும். ஆனால் சாம் வோவில் பலர் தேடிப் போனது ஜூக், அதாவது அரிசிக் கஞ்சி. அரிசி உருத்தெரியாமல் குழைந்திருக்கும். மேலே இஞ்சி, வெங்காயத்தாள். எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டைப் பிய்த்துப் போட்டு, அது ஊறி நமுப்பதற்குள் சாப்பிட வேண்டும். இதைவிடச் சீனமான சாப்பாடு எது? ஆங்கிலத்தில் இதற்கு ‘கான்ஜீ’ என்றொரு பெயர் உண்டு. போர்த்துகீசியர் வழியாகப் போன நம் ‘கஞ்சி’தான் அது. தோழியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது நேரம். கலிபோர்னியாவில் இரவு 2 மணிக்கு மது விற்பனை நின்றுவிட வேண்டும். அந்த நாளில் சாம் வோ 3 மணி வரை திறந்திருக்கும். மதுக்கடையிலிருந்து எழுப்பப்பட்டவர்கள், வேலை முடிந்த சமையல்காரர்கள், டாக்சி ஓட்டுநர்கள், மாணவர்கள் எல்லோருக்கும் போக்கிடம் அதுதான். வாஷிங்டன் தெருவில் ஒடுங்கிய மூன்று மாடிக் கட்டடம். நுழைந்தால் முதலில் சமையலறை. அடுப்படியைக் கடந்துதான் மாடிப்படி ஏற வேண்டும். சாப்பாடு சின்ன ஏற்றப் பெட்டியில் மேலே வரும்.

மேலே ஃபங். பெயரைக் கேட்டால் மோட்டார் கம்பெனி முதலாளி போலிருக்கும். உட்காரச் சொல்லி அதட்டுவார், கேட்ட பதார்த்தத்தைப் பழிப்பார், வந்தவர்களையே வேலை வாங்குவார். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழின் பத்தியாளர் ஹெர்ப் கேன் எழுதி எழுதியே அவர் ஊருக்குப் பிரபலமானார். பெண்களிடம் அவர் அத்துமீறிய கதைகளும் உண்டு. அவற்றை வேடிக்கை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அதட்டலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று 1882இல் போட்ட தடை 1943இல்தான் நீங்கியது. 1927இல் பிறந்த ஃபங்குக்கு அப்போது வயது 16. வணிகர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1915இல் ஒரு நீதிமன்றம் உணவக முதலாளியும் வணிகரே என்றது. பணம் சேர்த்துக் கூட்டாகக் கடை போட்டால் உறவினரை அழைத்துவரலாம் என்றானது. அப்படிப் பெருகிய கடைகளில் சீனர் குனிந்து சிரித்தபடி பரிமாறுவார் என்றே வெள்ளைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். ஃபங் குனியவில்லை. முதல் தடவை திட்டு வாங்கியவன் மறு தடவை ஒரு புது நண்பனை அழைத்துவருவான். அவன் திட்டு வாங்கும்போது இவன் பழைய ஆள் ஆகிவிடுகிறான் அல்லவா?

இன்னொன்று. ஃபங் இறந்தது 1984இல். உங்கள் மேலாளர் வரிசையில் நின்றபோது அவர் போய் 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே அந்தக் கூட்டம் திட்டுக்காக வந்ததல்ல. தங்கள் இருபது வயதின் பின்னிரவுகளை வைத்திருந்த படிக்கட்டில் கடைசியாக ஒருமுறை ஏற வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

2015இல் கிளே தெருவில் கடையை மறுபடி திறந்தார்கள். மறு ஆண்டு போனேன். பரிமாறியவர் வெகு மரியாதையாக நடந்துகொண்டார். பக்கத்து மேசைப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.