சம்மனை மீறினால் ஏன் உடனே வழக்கு இல்லை? கேள்வி பதில்

அமெரிக்க நாடாளுமன்றக் குழு சம்மன் அனுப்பியும் வராத அதிகாரிகள் மீது வழக்குப் போட நீதித் துறை ஏன் இழுக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடத்திய கலவரத்தை விசாரித்த குழுவைப் பற்றிய கேள்விகள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்வம்: சம்மன் வந்தது, ஆள் போகவில்லை. இதில் யோசிக்க என்ன சார் இருக்கிறது?

டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பானன் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை 2021 அக்டோபர் 21 அன்று அவர் மீது அவமதிப்புத் தீர்மானம் நிறைவேற்றியது, நவம்பர் 12 அன்று குற்றச்சாட்டு பதிவானது. மூன்றே வாரம். அவர் 2017லேயே வெள்ளை மாளிகையை விட்டுப் போனவர். ஒரு தாள்கூடக் கொடுக்கவில்லை, ஒரு நாள்கூட வரவில்லை. ‘வேண்டுமென்றே மீறினார்’ என்று காட்ட அதற்குமேல் என்ன வேண்டும்? வக்கீல் சொன்னதால் போகவில்லை என்ற வாதமும் எடுபடாது. 1961லேயே ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு அந்தக் கதவை மூடிவிட்டது.

எல்லோரும் இவ்வளவு வசதியாக மாட்டிக்கொள்வதில்லை, அதுதான் சிக்கல்.

ரேவதி: அப்படியானால் மார்க் மெடோஸ் மட்டும் எப்படித் தப்பினார்? அவர் பெரிய ஆள் என்பதாலா?

பெரிய ஆள் என்பதும் ஒரு காரணம், ஆனால் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. அவர் கலவரம் நடந்தபோது அதிபர் டிரம்பின் தலைமை அலுவலர். அதிபரின் நெருங்கிய ஆலோசகர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் அதிகாரமே நாடாளுமன்றத்துக்குக் கிடையாது என்று நீதித் துறை 1970களிலிருந்து, எந்தக் கட்சி ஆண்டாலும், சொல்லி வருகிறது. தன் துறையின் பழைய கருத்துரையையே எதிர்த்தரப்பு வக்கீல் ஜூரி முன் விரித்துப் படித்தால் அரசு வழக்கறிஞர் பாடு என்ன ஆகும்?

இன்னொன்று, மெடோஸ் ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகளை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் கதவைச் சாத்தினார். பாதி ஒத்துழைத்தவரை முழுக்க மீறியவர் என்று நிரூபிப்பது கஷ்டம். சபை 2021 டிசம்பரில் தீர்மானம் போட்டது. ஆறு மாதம் கழித்து, 2022 ஜூனில், வழக்கு இல்லை என்று முடிவு வந்தது. காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. மேலே சொன்னது என் கணிப்பு.

காதர்: பீட்டர் நவாரோவும் வெள்ளை மாளிகை ஆலோசகர்தானே?

நல்ல கேள்வி. அவரும் அதிபரின் சிறப்புரிமையைத்தான், அதாவது ஆலோசகர்களோடு பேசியதை ரகசியமாக வைக்கும் உரிமையைத்தான், காட்டினார். ஆனால் டிரம்ப் அவருக்காக அந்த உரிமையைக் கோரினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டார். வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். 2022 ஏப்ரலில் தீர்மானம், ஜூனில் குற்றச்சாட்டு, 2024 மார்ச்சில் சிறை.

இளங்கோ: சட்டத்தில் ‘கடமை’ என்றே இருக்கிறதாமே? பிறகு அரசு வழக்கறிஞர் எப்படி மறுக்கலாம்?

இருக்கிறது. 1857ல் பிறந்த சட்டம் அது. சபை அனுப்பினால் கிராண்ட் ஜூரி (குற்றச்சாட்டு பதியலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) முன் வைப்பது அரசு வழக்கறிஞரின் கடமை என்கிறது. 1982ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் ஆன் கோர்சச் ஆவணங்களைத் தர மறுத்தார், சபை அவமதிப்புத் தீர்மானம் போட்டது, அரசு வழக்கறிஞர் அதை உடனே ஜூரி முன் கொண்டுபோகவில்லை. 1984ல் நீதித் துறை அதற்கு விளக்கம் எழுதியது: அதிபர் சிறப்புரிமை கோரி, அவர் உத்தரவுப்படி மறுத்த அதிகாரியை வழக்குக்கு இழுக்க வேண்டியதில்லை, யார் மீது வழக்கு என்பது நிர்வாகத்தின் விருப்பம்.

அன்றிலிருந்து அதுவே கேடயம். 2012ல் எரிக் ஹோல்டர், 2024ல் மெரிக் கார்லண்ட். இருவருமே பதவியில் இருந்த அட்டர்னி ஜெனரல்கள். கார்லண்ட் மீது சபை தீர்மானம் போட்ட இரண்டே நாளில் ‘வழக்கு இல்லை’ என்று பதில் வந்தது. பதில் தந்தது அவரே தலைமை வகித்த துறை! சட்டப்படி தவறில்லை, ஆனாலும் எனக்கு அது நெருடுகிறது.

சுமதி: வேண்டுமென்றே காலம் தாழ்த்துவதும் உண்டா?

உண்டு, எல்லாமே கெட்ட எண்ணத்தில் அல்ல. குற்றச்சாட்டு பதிவான பிறகு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். விதிவிலக்குகள் நீங்கலாக 70 நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், கையில் இருக்கும் ஆதாரங்களை எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டும். அதே ஆள் இன்னொரு பெரிய விசாரணையில் சாட்சியாகவோ குற்றவாளியாகவோ வரக்கூடும் என்றால், சின்ன வழக்குக்காக அதைக் கெடுத்துக்கொள்ள எந்த அரசு வழக்கறிஞரும் யோசிப்பார். வழக்குப் போட ஐந்து வருடம் அவகாசமும் இருக்கிறது. குற்றமோ சிறு குற்றப் பிரிவு, ஒரு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அவ்வளவுதான்.

அன்பு: சபையே பிடித்து உள்ளே போட முடியாதா?

அதிகாரம் இருக்கிறது. 1934ல் செனட் வில்லியம் மெக்ராக்கன் என்ற வக்கீலுக்குப் பத்து நாள் சிறை விதித்தது, மறு வருடம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன்பிறகு யாரையும் அப்படி அடைக்கவில்லை.

ரேவதி: சரி, சபை நீதிமன்றம் போனால்?

போகலாம், பொறுமை வேண்டும். வெள்ளை மாளிகையின் முன்னாள் வழக்கறிஞர் டான் மெக்கானுக்கு 2019 ஏப்ரலில் சம்மன் போனது. அவர் வந்து உட்கார்ந்தது 2021 ஜூனில், அதுவும் மூடிய அறையில். அதற்குள் அதிபரே மாறிவிட்டார்.