பேக்ஹேண்டில் லாங் பிம்பிள் ஒட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. டேபிள் டென்னிஸ் கற்கிறாள். வீராங்கனை மணிகா பத்ரா போல மட்டையின் பேக்ஹேண்ட் (புறங்கை) பக்கத்தில் லாங் பிம்பிள் ரப்பர், அதாவது நீளமான சிறு முனைகள் வெளியே நீட்டியிருக்கும் ரப்பர், கேட்கிறாள். வாங்கித் தரலாமா?
– வாசகி, ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: இப்போது வேண்டாம். டெல்லிப் பெண்ணான மணிகா 2018 காமன்வெல்த் போட்டியில் இறுதியில் சிங்கப்பூரின் யூ மெங்யூவை வீழ்த்தி ஒற்றையர் தங்கம் வென்றது அந்த ரப்பரோடுதான். ஆனால் அது தானாகச் சுழற்சி தராது. எதிராளியின் சுழற்சியைத்தான் திருப்பி அனுப்பும். அவர் டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) அடித்தால் பந்து பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிய சுழற்சியாக) அவரிடம் திரும்பும். கவனிக்காமல் மறுபடி அடித்தால் வலையில் விழும். இதைப் புரிந்துகொண்ட எதிராளி, சுழற்சியே இல்லாத மெதுவான பந்தை அந்தப் பக்கம் நீளமாகப் போடுவார். திருப்பித் தர ஒன்றுமில்லாததால் பந்து மிதந்து போகும், ஸ்மாஷ் வரும். மணிகா ரேலிக்கு நடுவே மட்டையைப் புரட்டி, மறுபக்கத்துச் சாதாரண ரப்பரால் அடிப்பது இதற்காகவும்தான்.

முதலில் இருபுறமும் சாதாரண ரப்பரில் டாப்ஸ்பின், புஷ் (பந்தின் அடியில் மென்மையாகத் தள்ளுவது), பிளாக் (வேகப் பந்தைத் தடுத்துத் திருப்புவது) மூன்றும் உறுதிப்படட்டும். பிறகு மாற்றும்போது சர்வதேச சம்மேளனம் அங்கீகரித்த ரப்பராகப் பாருங்கள். ஸ்பாஞ்சு, பசை சேர்த்து ஒரு பக்கம் 4 மி.மீ.க்கு மேல் போனால் மட்டை செல்லாது.

கேள்வி: சர்வீஸில் நடுவர் அடிக்கடி ஃபால்ட் சொல்கிறார். ஏன்?
– வாசகர், கரோல் பாக்

பதில்: பந்தை விரித்த உள்ளங்கையிலிருந்து குறைந்தது 16 செ.மீ. மேலே எறிய வேண்டும். வலையின் உயரம் 15.25 செ.மீ.; அதைவிடச் சற்று அதிகம் என்று பழகுங்கள். பந்து இறங்கும்போதுதான் அடிக்க வேண்டும்.